எந்தக் கதிருக்கு அஞ்ச வேண்டும்?

தெருவில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்று தெரிந்தால், அன்று மாலையே அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். மனு தயாராகிறது, கையெழுத்து சேர்கிறது, ஆட்சியர் அலுவலகம் வரை போகிறார்கள். குழந்தைகளுக்கு ஆகாது, புற்றுநோய் வரும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு பரவுகிறது. அதே தெருவில் சித்திரை உச்சிவெயிலில் நாள் முழுக்கத் தார் போடுகிறவர்களின் கண்களைப் பற்றி யாரும் மனு எழுதியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய்க் காரணிகளைச் சான்றின் வலுவை வைத்துத் தரம் பிரிக்கிறது. செல்போன் பயன்படுத்தும் ரேடியோ அலைகளை அது 2011-ல் ‘2பி’ என்ற பிரிவில் சேர்த்தது. காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பது அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சூரியக் கதிர்வீச்சையோ அந்த முகமை 1992-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

செல்போன் அலை, வெயில் இரண்டுமே மின்காந்த அலைகள். இரண்டும் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. பிறகு எப்படி ஒன்று இவ்வளவு ஆபத்தானதாகவும் மற்றது அப்படி இல்லாமலும் இருக்கிறது? இதற்கு விடை தெரிந்துகொண்டால், அன்றாட வாழ்வில் எதற்கு அஞ்சுவது, எதை அஞ்சாமல் பயன்படுத்துவது என்று நாமே முடிவு செய்ய முடியும்.

ஒரே குடும்பம்

1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு வெப்பம் என்று வெப்பமானி வைத்து அளந்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் யோகான் ரிட்டர் மறுமுனையைச் சோதித்தார். ஒளி பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடு, ஊதாவுக்கு அப்பால் இருந்த இருட்டில்தான் வேகமாகக் கறுத்தது. அது புற ஊதா.

இவையெல்லாம் என்ன என்பதைச் சொன்னவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய சமன்பாடுகளிலிருந்து ஓர் அலை பிறக்கும் என்று கணித்த அவர், அந்த அலையின் வேகத்தையும் கணக்கிட்டார். ஏற்கெனவே அளந்து வைத்திருந்த ஒளியின் வேகத்தோடு அது ஒத்துப்போனது. ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்று 1865-ல் அவர் வெளியிட்டார். இருபதாண்டுகளுக்குப் பின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்பொறியிலிருந்து ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உருவாக்கி, அவற்றைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டார். 1900-ல் பால் வில்லார் ரேடியத்திலிருந்து காமா கதிரைக் கண்டறிந்தார்.

நூறே ஆண்டுகளில் குடும்பம் முழுதும் அறிமுகமாகிவிட்டது. ரேடியோ, மைக்ரோ அலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் என்று நாம் வரிசைப்படுத்துவதெல்லாம் அலைநீளத்தை வைத்துத்தான். ஒரு முனையில் அலைநீளம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது; மறுமுனையில் அது அணுவைவிடச் சிறியது. நம் கண் பார்ப்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒரு கீற்று மட்டுமே.

பொட்டலத்தின் பலம்

ஆபத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு படி ஏற வேண்டும். ஒளி ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கொண்டுவருகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னார். அந்தப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடுகிறது. ஒளி ஒரு பொருளின் மீது படும்போது, பொதுவாக ஓர் எலெக்ட்ரானை ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான்தான் தாக்குகிறது. அந்த ஒன்றுக்குப் போதிய பலம் இருந்தால்தான் எலெக்ட்ரான் பெயரும்.

ரயில் நிலையங்களில் நின்ற எடை பார்க்கும் எந்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிய நாணயம் ஒன்றைப் போட்டால் அட்டை வரும். அதைவிடச் சிறிய காசை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாலும் எந்திரம் அசையாது.

கணக்கில் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று தெரியும். ஃபோட்டானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். நம் உடலின் மூலக்கூறுகளில் ஒரு பிணைப்பை உடைக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஓர் அணுவிலிருந்து எலெக்ட்ரானையே பிய்த்தெறியப் பெரும்பாலும் 10-க்கு மேல் வேண்டும். செல்போன் அலையின் ஒரு ஃபோட்டானில் இருப்பதோ ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் எட்டுப் பங்கு, அவ்வளவுதான். பச்சை ஒளியில் 2-க்குச் சற்று அதிகம். கிருமி கொல்லும் புற ஊதா விளக்கில் ஏறக்குறைய 5. மருத்துவமனை எக்ஸ் கதிரில் பல்லாயிரம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 உமிழும் காமா கதிரில் பத்து லட்சத்துக்கும் மேல்.

ஆக, கோடு விழும் இடம் புற ஊதாவில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவை உடலைச் சூடாக்க முடியும். மரபணுவின் பிணைப்புகளை நேரடியாக உடைக்கும் பலம் அவற்றின் ஃபோட்டான்களுக்கு இல்லை. அதற்கு மேலே உள்ளவற்றுக்கு அந்தப் பலம் உண்டு. செல்போன் கோபுரத்தையும் உச்சிவெயிலையும் பிரிப்பது இந்தக் கோடுதான்.

சூடு மட்டுமே தரும் அலைகள்

பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. வீட்டு வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில். வைஃபையும் அடுப்பும் ஏறத்தாழ ஒரே அலைதான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். வேறுபாடு அளவில் இருக்கிறது. அடுப்பு ஏறக்குறைய ஆயிரம் வாட் ஆற்றலை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. வைஃபை பெட்டி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கை வீடு முழுக்கப் பரப்புகிறது.

அடுப்புக் கதவின் கண்ணாடியை அருகில் போய்ப் பார்த்தால், உள்ளே சிறு துளைகள் நிறைந்த உலோகத் தகடு தெரியும். துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். அடுப்பின் அலைநீளம் 12 சென்டிமீட்டர். அலைநீளத்தைவிடத் துளை மிகச் சிறியதாக இருந்தால், அந்த அலைக்கு அது துளையே அல்ல, முழுத் தகடு. அதனால் மைக்ரோ அலை திரும்பிப் போகிறது. அலைநீளம் லட்சம் மடங்குக்கும் மேல் சிறிய ஒளி மட்டும் துளை வழியே வந்து, உள்ளே சோறு சுழல்வதை நமக்குக் காட்டுகிறது.

இதே விதியை நீலகிரியில் பெரிய அளவில் பார்க்கலாம். ஊட்டிக்கு அருகில் முத்தொரையில் 1970-ல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. அதன் ஆடியில் கண்ணாடியும் இல்லை, தகடும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அது பெறும் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர் என்பதால் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி அந்த அலைக்குத் தெரிவதில்லை. அந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த உணவில் கதிரியக்கம் தங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அந்த அலை நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகிறது. அடுப்பை அணைத்த கணமே அலையும் போய்விடுகிறது. கவலைப்பட வேண்டியவை வேறு. வழவழப்பான குவளையில் தண்ணீரை அளவுக்கு மீறிச் சூடாக்கினால், கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டியிருந்து, கரண்டி பட்டதும் பொங்கித் தெறிக்கும். கதவு வளைந்தோ விளிம்பு துருப்பிடித்தோ இருக்கும் அடுப்பை இயக்கக் கூடாது. மைக்ரோ அலையின் வெப்பத்தால் எளிதில் கெடக்கூடிய உறுப்பு கண்ணின் வில்லை; சூட்டை எடுத்துச்செல்ல அங்கே ரத்த ஓட்டம் இல்லை.

செல்போனுக்கும் இந்த வெப்பக் கணக்கை வைத்துத்தான் வரம்பு கட்டியிருக்கிறார்கள். உடல் திசு உறிஞ்சும் ஆற்றல் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் விதி. கோபுரங்களுக்கு, பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் 2012 செப்டம்பர் முதல் இந்தியா அனுமதிக்கிறது. தூரம் இரட்டிப்பானால் அலையின் செறிவு கால்பங்காகக் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோபுரம் பல மீட்டர் தள்ளி இருக்கிறது. போனோ காதை ஒட்டி இருக்கிறது. சிக்னல் பலவீனமாக உள்ள இடத்தில் போன் தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டு பேசும். ஆகவே கோபுரத்தை விரட்டிய தெருவில், தலைக்கு அருகிலுள்ள போன்தான் அதிக அலையை உமிழும். குறைக்க விரும்புகிறவர்கள் ஸ்பீக்கரில் பேசலாம், இயர்போன் மாட்டலாம். ஆய்வு இன்னும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். போனால் இன்று கண்ணெதிரே உயிர் போவது, வண்டி ஓட்டிக்கொண்டே அதைப் பார்ப்பதால்தான்.

அகச்சிவப்பும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பு பல கேமராக்களில் வெளிறிய ஒளியாகத் தெரியும். கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலின் ஊடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டின் விகிதமே திரையில் நாம் பார்த்த எண்.

கோட்டின் மேலே நிற்கும் புற ஊதா

சூரியனிலிருந்து வரும் புற ஊதாவை மூன்றாகப் பிரிப்பார்கள். மிகக் கொடியதான ‘சி’ வகையை வளிமண்டலத்தில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் முற்றிலும் தடுத்துவிடுகின்றன. ‘பி’ வகையில் பெரும்பகுதியையும் ஓசோன் தடுக்கிறது. ‘ஏ’ வகை பெரும்பாலும் தரைக்கு வந்துசேர்கிறது. மீந்து வரும் ‘பி’ வகையால் நமக்கு நன்மையும் உண்டு. தோலில் வைட்டமின் டி உருவாவது அதனால்தான். சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வெயில் காய்வதில் அந்தப் பயன் கிடைக்காது.

அதே ‘பி’ வகை செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மரபணு இழையில் தைமின் என்ற இரண்டு எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய இடத்தில் செல்லால் சரியாகப் படியெடுக்க முடியாது. உடல் இந்தப் பழுதுகளை இடைவிடாமல் சரிசெய்துகொண்டேதான் இருக்கிறது. தப்பிப்போன ஒன்றிரண்டு, ஆண்டுகள் சேரச் சேர, தோல் புற்றுநோய்க்கு வித்தாகின்றன. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்குள் இருக்கும் 254 நானோமீட்டர் விளக்கு கிருமிகளைக் கொல்வதும் இதே முறையில்தான். அந்த விளக்கை வெளியே எடுத்து எரியவிட்டுப் பார்க்கக் கூடாது.

கறுத்த தோலில் உள்ள மெலனின் நம்மை ஓரளவு காக்கிறது. கண்ணுக்கு அந்தக் காவல் போதாது. புற ஊதா ஆண்டுக்கணக்கில் படுவதால் கண்புரை விரைவில் வருகிறது. வெண்விழியில் சதை வளர்ந்து கருவிழி மேல் படர்கிறது. மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் இது அதிகம். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மேலிருந்து வரும் வெயிலோடு, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. தலையில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது.

வெல்டிங் பட்டறையில் நடப்பது இதைவிட வேகமானது. வெல்டர் முகக்கவசத்தோடு இருப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்பர் கண்ணைச் சுருக்கியோ முகத்தைத் திருப்பியோ சமாளிப்பார். மின்வில்லிலிருந்து வரும் புற ஊதா கருவிழியின் மேல் அடுக்கைத் தீய்த்துவிடுகிறது. அப்போது எதுவும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல வலி எடுக்கும். நீர் வடியும், விளக்கைப் பார்க்க முடியாது. ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்பதால் அதைத் தொழிலோடு வருவது என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பப் பட்டால் கண் தாங்காது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில் புற ஊதா உச்சத்தில் இருக்கிறது. அப்போது நிழலைத் தேட வேண்டும். குளிர்கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், 400 நானோமீட்டர் வரை புற ஊதாவைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பாக மட்டும் இருந்து தடுக்காத கண்ணாடி, பாவையை விரியச் செய்து புற ஊதாவுக்கு வழிவிடும். சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்க்கவே கூடாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. கருகுவது தெரியாமலே கருகிவிடும்.

ஊடுருவும் கதிர்கள்

ரான்ட்ஜென் தம் மனைவியின் கை எலும்புகளைப் படமெடுத்த சில வாரங்களிலேயே மருத்துவர்கள் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதன் தீங்கு தெரியச் சில ஆண்டுகள் ஆயின. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ் கதிர்க் குழாயைச் சோதிக்கத் தம் கையையே நாள்தோறும் கதிரில் காட்டினார். புண் வந்தது, புற்றாயிற்று, கைகளை எடுக்க வேண்டியதாயிற்று. 1904-ல் அவர் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். அதற்குப் பின்னும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செருப்புக் கடைகளில், குழந்தைகளின் காலுக்கு அளவு சரியா என்று பார்க்க எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் பல்லாண்டு காலம் இருந்தன.

இன்று அளவு தெரிந்து பயன்படுத்துகிறோம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி போலத் தோரியம் கலந்த மணல் உள்ள கடற்கரைகளில் அதைவிட அதிகம். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் அளவுதான். இயற்கையில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கிடைப்பது. காசநோயா என்று பார்க்க மருத்துவர் எழுதிக்கொடுத்த எக்ஸ்ரேயைப் பயந்து தள்ளிப்போடுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. எந்திரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும்; அறையிலோ உடலிலோ எதுவும் தங்காது.

சி.டி. ஸ்கேன் கதை வேறு. மார்புக்கோ வயிற்றுக்கோ ஒருமுறை எடுத்தால் 7 முதல் 10 மில்லிசீவர்ட் வரை ஆகலாம். எழுபது முதல் நூறு மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். தேவை இருந்தால் அது உயிர் காக்கும். அதே ஸ்கேனை ஒரு மருத்துவமனை மாறியதற்காக மட்டும் மறுபடி எடுப்பதில் பொருளில்லை. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து காட்ட வேண்டும். அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அவற்றில் இத்தகைய கதிர் இல்லை. குழந்தைகளுக்கு எடுப்பதானால் இதை அவசியம் கேட்க வேண்டும். கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காமா கதிர் புற்றுக்கட்டியை அழிக்கிறது. ஊசிகளையும் கையுறைகளையும் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிருமி நீக்குகிறது. அதற்குக் கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருள் வேண்டும். எக்ஸ்ரே எந்திரத்தை அணைப்பது போல அதை அணைக்க முடியாது. 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய ஆய்வுக் கருவி ஒன்று காயலான் கடைக்குப் போயிற்று. உள்ளே கோபால்ட் இருப்பது தெரியாமல் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றார்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்கள் உள்ள எச்சரிக்கைச் சின்னம் எதைக் குறிக்கிறது என்று பழைய இரும்பு வாங்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு யார் காவல்

மின்காந்த அலை எதைப் பற்றிய செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் போதும். அதன் அலைநீளம் கோட்டுக்கு எந்தப் பக்கம்? எவ்வளவு செறிவு? எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் சொல்லாமல் அச்சுறுத்தும் செய்தியை நம்ப வேண்டியதில்லை. இந்த மூன்றையும் சொல்லாமல் ‘முழுப் பாதுகாப்பு’ என்று விற்கும் பொருளையும் நம்ப வேண்டியதில்லை.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர் சட்டையில் ஒரு சிறு பட்டை குத்தியிருப்பார். அவர் மேல் பட்ட கதிரை அது பதிவு செய்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் ஆய்வகம் அதைப் படித்துச் சொல்கிறது. ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. டாலியைப் போன்றவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம் இப்படிச் சட்டமாயிற்று. கோட்டின் மறுபக்கம் அல்ல, கோட்டின் மேலேயே நின்று உழைக்கும் உப்பளத் தொழிலாளிக்கும், தார் போடுகிறவருக்கும், பட்டறை ஹெல்பருக்கும் அப்படி ஒரு பட்டை இல்லை; அவர்கள் கண்ணில் எவ்வளவு புற ஊதா பட்டது என்று கணக்கு வைப்பாரும் இல்லை. அவர்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாது. புற ஊதாவைத் தடுக்கும் நல்ல கண்ணாடி, ஆளுக்கு ஒரு முகக்கவசம், நண்பகலில் இரண்டு மணி நேர ஓய்வு, ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை ஆகியவை போதும். இவற்றைக் கொடுப்பது முதலாளியின் கருணை என்று இருக்கக் கூடாது, கடமை என்று ஆக வேண்டும். அடுத்த மனுவை எழுத உட்காரும் தெருக்காரர்கள் இதை முதல் கோரிக்கையாக எழுதட்டும்.